நூறு மீட்டர்

பவுன்ராஜின் இருமலை
அரசலாற்றுக்குள் வைத்திருந்தது வரைபடம்.

தப்பில்லக்கா, அப்படித்தான் விழும் என்றான்
தஞ்சாவூர் அலுவலகத்து இர்ஃபான்.
நோயாளி வீட்டுப் புள்ளியை
ஏதாவதொரு திசையில்
நூறு மீட்டருக்குள் நகர்த்திவிடுமாம் கணினி.
யார் வீடென்று ஒருவருக்கும் தெரியக் கூடாது.
ஒப்புதல் படிவத்தின் நாலாம் பக்கத்தில்
நான் வாசித்துக் காட்டியதுதான்.
கையெழுத்துக்கு முன்னால்
அந்தப் பத்தியை மட்டும் இரண்டு தரம் கேட்டார் அவர்:
“தெருவுக்குத் தெரியாதுல்ல?”

செயற்கைக்கோள் படம் மே மாதத்தது.
ஆறு முழுக்க மணல்.
நான் பாலத்தில் நின்று பார்த்தபோது
மேட்டூர் திறந்து பதினெட்டு நாள்.
நாலாம் படிவரை ஏறியிருந்தது தண்ணீர்.
கைப்பேசியில் அதே இடத்தில்
நனையாமல் ஒரு சிவப்புப் புள்ளி.

கும்பகோணத்தில் நூறு மீட்டர் என்பது
ஒரு காபிக்கடை, இரண்டு பாத்திரக்கடை,
கோயில் மதிலின் ஒரு முனை,
குனிந்து நுழையும் சந்து,
சந்துக்குள் பதினோரு குடித்தனம்,
பதினொன்றுக்கும் ஒரே குழாய்.
எதிரெதிர் மாடிகளுக்கு இடையே
ஒரு புடவை அகலத்துக்குத்தான் வானம்.
அதற்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு
சிக்னலுக்குக் காத்திருப்பேன்.
“டவர் கெடைக்கலையா” என்று
எல்லாக் கதவும் கேட்கும்.

தில்லைநாயகியின் சளிப் பரிசோதனை
நகைக்கடைக்காரர் மொட்டைமாடியில் விழுந்தது.
ஜெபக்கனியின் புள்ளி,
போன வருஷம் அவளுக்கு
வீடு காலியில்லை என்றவரின் நடுக்கூடத்தில்.
நான் சிரித்தேன்.
ரேச்சல் மேடம் சிரிக்கவில்லை.

தெருவுக்கென்று ஒரு வாட்ஸப் குழு,
ஆய்வுக்காக நான் தொடங்கியது.
இருநூற்றுப் பதினேழு பேர்.
அடைத்த சாக்கடை, மூடாத தொட்டி,
யார் வீட்டில் காய்ச்சல், எத்தனை நாள்,
படமெடுத்துப் போடுங்கள் என்று கேட்டிருந்தேன்.
காலை வணக்கத்து ரோஜாக்கள் வந்தன.
குழந்தைகளின் காய்ச்சல் வந்தது.
ஒரு பன்றி வந்தது, ஐந்து கோணங்களில்.
இருமல் மட்டும் வரவேயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்
என் ஸ்கூட்டர் வந்தது.
பவுன்ராஜ் வீட்டு வாசலில்,
ஆய்வுத் திட்டத்தின் ஸ்டிக்கர் தெரிய.
எழுத்து ஒன்றும் இல்லை.
கீழே மூன்று முகக்கவச பொம்மைகள்.

எல்லோருக்கும் அழி என்பதை அழுத்தினேன்.
நூற்றுத் தொண்ணூறு பேர் அதற்குள் பார்த்திருந்தார்கள்.
திங்களன்று லாரி புக்கிங் ஆபீசில்
மூட்டைக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்றார்களாம்.
அவர் என்னைத் திட்டவில்லை.
மாத்திரையை விழுங்கிவிட்டு
காலி அட்டையைத் திருப்பித் தந்தார்.
“வண்டிய மட்டும் இங்க நிறுத்தாதீங்கம்மா.”

அதிலிருந்து நானும் நகர்த்துகிறேன்.
செவ்வாய் காபிக்கடை, வியாழன் மதிலோரம்,
சனிக்கிழமை நகைக்கடைக்காரர் வாசல்.
அடையாள அட்டை ரவிக்கைக்குள்.
மாத்திரைகள் கறிவேப்பிலைக்கு அடியில்.
மீதி தூரம் நடை.

மூன்றாவது சனிக்கிழமை குழுவில் ஒருவர் கேட்டார்:
நகைக்கடை வீட்டில் யாருக்கு என்ன?
வயிற்றைப் பிசைந்தது.
வண்டியை எடுத்துவிடலாமென்று ஓடினேன்.

அதன் பக்கத்தில் நின்றிருந்தாள்
அந்த வீட்டு மருமகள்.
முந்தானையை வாயோடு பிடித்திருந்தாள்.
“நீங்க ஒவ்வொரு வாரமும் வர்றீங்க,
உள்ள கூப்பிடுவாங்கன்னு பாத்தேன், கூப்பிடல.
எனக்கு ஒரு மாசமா இருக்கு.
ராத்திரில தலையணைய வச்சு அமுக்கிக்குவேன்.”

சளி டப்பாவைக் கொடுத்தேன்.
படிவத்தின் நாலாம் பக்கத்தை வாசித்தேன்.
இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள்.
சிக்னலுக்காக மொட்டைமாடிக்கு
அவளேதான் கூட்டிப்போனாள்.
துல்லியம் மூன்று மீட்டர் என்றது கைப்பேசி.

அங்கிருந்து பார்த்தால் ஆறு.
பவுன்ராஜின் புள்ளி இருக்கும் இடத்தில்
யாரோ ஒரு பையன்
தூண்டில் போட்டிருந்தான்.